கூட்டிச் சொன்ன இருபத்தொரு நாள்

குஞ்சு பொரிப்பகத்தில் வேலை செய்கிறவர்களின் வீட்டில் காலம் வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் ஓடுவதில்லை. ஈட்டுக் கணக்கில் ஓடுகிறது. ஓர் ஈடு முட்டை இயந்திரத்துக்குள் போய்க் குஞ்சாக வெளியே வர இருபத்தொரு நாள். பதினெட்டு நாள் ஒரு பெட்டியில். கடைசி மூன்று நாள் வேறொரு பெட்டியில். குடிவந்து எவ்வளவு காலமாயிற்று என்று எங்கள் எதிர்வீட்டுக்காரனைக் கேட்டால், சற்று யோசித்துவிட்டு, "முப்பது ஈடு இருக்கும் சார்" என்பான். காய்ச்சலில் படுத்து எழுந்தால், "அரை ஈடு படுத்தே கெடந்தேன்" என்பான். வேடிக்கைக்காகச் சொல்வதில்லை. அவனுக்கு அப்படித்தான் வரும்.

அவன் அங்கே இயந்திரக்காரன். ஆள் உயரப் பெட்டிகள் பன்னிரண்டு அவன் பொறுப்பில் இருந்தன. அவற்றுள் வெப்பம் அரைப் பாகை ஏறினாலும் இறங்கினாலும் பத்தாயிரம் உயிருக்கு அவன் பதில் சொல்ல வேண்டும். அவனுடைய அக்காள் அதே இடத்தில் கண்காணிப்பாளர். திருமணம் செய்துகொள்ளாமல் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். வெள்ளை அங்கியும் முழங்கால்வரை ரப்பர்க் காலணியுமாக நடப்பாள். தம்பியின் மனைவிக்குத் தட்டு கழுவும் அறையில் வேலை. மூவரும் சேர்ந்து இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். மூவரின் உடைகளிலும் குஞ்சின் மஞ்சள் தூவி ஒட்டியிருக்கும். அது துவைத்தாலும் போகாது.

தட்டு கழுவும் அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குஞ்சுகளை எடுத்தபின் தட்டுகளில் ஓட்டுத் துண்டும், சளியும், பொரியாமல் அழுகிய முட்டையும் காய்ந்து கிடக்கும். கொதிநீரும் சோடாக் காரமும் விட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்த தட்டுகளைப் பக்கத்து அறையில் அடுக்கிக் கதவைச் சாத்தி மருந்துப் புகை போடுவார்கள். புகை அடங்கியதும் கதவைத் திறந்து தட்டுகளை வெளியே எடுப்பதும் அவளுடைய வேலைதான். திறந்ததும் கண்ணில் மிளகாய் அப்பியதுபோல் இருக்குமாம். கருவுற்ற மூன்றாம் மாதத்திலிருந்து அவள் அந்தக் கதவருகே தினமும் வாந்தி எடுத்தாள். எடுத்த இடத்தையும் அவளே கழுவினாள்.

அலுவலகச் சுவரில் ஒரு விதி ஒட்டப்பட்டிருந்தது. கருவுற்று இருபது வாரம் நிறைந்த பெண்ணை, மருத்துவமனைச் சீட்டின் பேரில், புகையறையிலிருந்து முட்டைக்கு விளக்குப் பிடித்துப் பார்க்கும் மேசைக்கு மாற்றலாம். பத்தொன்பதாம் வாரம்வரை அந்தப் புகை கருவுக்கு நல்லது என்று எந்த அறிஞர் அவர்களுக்குச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. அந்த விதியை எழுதியவர் அந்தக் கதவை ஒரு முறையாவது திறந்து பார்த்திருக்க மாட்டார். பின்னால் நடந்ததற்கெல்லாம் யார் யாரையோ குற்றம் சொன்னார்கள். அந்தத் தாளை ஒட்டியவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு மாலை மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விளக்கில் பார்த்துக் கருவில்லை என்று ஒதுக்கிய முட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவரலாம். ஆகையால் அந்த வீட்டில் என்றும் முட்டைதான்.

"இதப் பாத்தாலே குமட்டுது" என்று மனைவி தட்டைத் தள்ளினாள்.

"முட்டையப் பாத்துக் குமட்டினா நம்ம வீட்ல என்னத்தச் சாப்பிடறது?" என்றான் அவன். "கதவையா?"

"கதவ நெனச்சாத்தாங்க குமட்டுது."

அக்காள் கேட்டாள்: "இப்போ எத்தன வாரம்டி?"

"பதினேழு முடிஞ்சிருக்கு அண்ணி."

"இன்னும் மூணு வாரம். பல்லக் கடிச்சுக்கிட்டு இரு."

"நேத்து மூக்குல ரத்தம் வந்துச்சு அண்ணி. உங்ககிட்டச் சொல்லல."

 அவன், விரல்விட்டு எதையோ எண்ணிவிட்டு, "மூணு வாரம்னா ஒரு ஈடு" என்றான். "ஒரே ஒரு ஈடு கூட்டிச் சொல்லிட்டா நாளைக்கே வெளிய வந்துடலாம். இன்னும் ஆஸ்பத்திரிப் பக்கமே போகலியே. நாம சொல்றதுதானே தேதி?"

"சீட்ட நான்தான் வாங்கி மேல அனுப்பணும்" என்றாள் அக்காள். "பொய்னு தெரிஞ்சா தெர்மாமீட்டர் என்னை வெளிய அனுப்பிடுவான்." சட்டைப் பையில் எப்போதும் வெப்பமானி செருகியிருக்கும் மேலாளருக்கு அவர்கள் வைத்த பெயர் அது.

"எப்படிக்கா தெரியும்? வயித்து மேல பென்சில்ல தேதியா போட்டிருக்கு?"

மனைவி சிரித்துவிட்டாள். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு அக்காள், "சரி, சொல்லிக்க" என்றாள்.

மறுநாள் மருத்துவமனையில் அவள் கடைசியாகத் தீட்டு வந்த தேதியை இருபத்தொரு நாள் முந்தியதாகச் சொன்னாள். எழுத்தர் எழுதிக்கொண்டார். அன்று எழுதிய அந்தத் தேதியிலிருந்துதான் அதன்பின் எல்லாம் கணக்கிடப்பட்டன. ஸ்கேன் எடுத்தவர், "வாரத்துக்கு ஏத்த வளர்ச்சி இல்லியே" என்று சத்து மாத்திரை எழுதினார். அவள் மாத்திரையைத் தவறாமல் விழுங்கினாள். விளக்கு மேசையில் இருட்டறையில் உட்கார்ந்து, முட்டைக்குள் சிவப்பு நரம்பு ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் நிம்மதியாக இருந்தாள் என்பது உண்மை. வாந்தி நின்றது. கன்னம் தெளிந்தது. அந்தப் பொய்யால் அவர்களுக்கு நன்மையே விளைந்தது என்று அப்போது அந்த வீட்டில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில் அவளுக்கு வலி வந்தது. காகிதத்தில் முப்பத்தெட்டு வாரம், மெய்யாக முப்பத்தைந்து. பெண் குழந்தை, எடை இரண்டு கிலோ இருநூறு கிராம். குளிப்பாட்டிய நர்ஸ் குழந்தையின் காதைச் சுண்டுவிரலால் மடித்துப் பார்த்தாள். உள்ளங்காலையும் திருப்பிப் பார்த்தாள்.

"காது இன்னும் துணி மாதிரி மடங்குது. பாதத்துல கோடே விழல. தேதியெல்லாம் சரியாத்தான் சொன்னீங்களா?"

"சரிதான்" என்றாள் அக்காள், தாய் வாய் திறக்குமுன்.

நர்ஸ், "எடை குறைவு" என்று எழுதினாள்.

மூன்றாம் நாள் குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, தடித்த காகித அட்டையில் அச்சிட்டிருந்த நான்கு வட்டங்களில் ரத்தத்தை ஒற்றி எடுத்தாள் அதே நர்ஸ். "கைநாட்டு வைக்க வயசு பத்தாது. அம்மணி கால்நாட்டு வைங்க" என்றாள். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தை ஓரிரு முறை சிணுங்கிவிட்டு உறங்கிப்போயிற்று.

அது எப்போதும் உறங்கியது. பாலுக்கு வைத்தால் நாலு இழுப்பு இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும்.

"எழுப்பாத, தூங்கட்டும்" என்பான் தகப்பன். "குஞ்சு வெளிய வரும்போதே மஞ்சக்கருவ வயித்துக்குள்ள இழுத்துக்கிட்டுத்தான் வரும். ரெண்டு நாளைக்குத் தீனியே வேண்டாம். நாங்க அப்படியே பெட்டியில போட்டு எவ்வளவு தூரம் அனுப்பறோம், தெரியுமா?"

"இது குஞ்சு இல்லீங்க."

அவள் குழந்தையின் உள்ளங்காலைச் சுரண்டிச் சுரண்டி எழுப்பிப் பால் கொடுத்தாள். பாலுக்குக் குறைவில்லை. ஒரு பக்கம் குடிக்கும்போது மறுபக்கம் ஊறி ரவிக்கையை நனைத்தது. எட்டாம் நாள் எடை போட்டபோது நாற்பது கிராம் ஏறியிருந்தது. "நாப்பது கிராம்னா நம்ம குஞ்சு ஒண்ணு" என்று அவன் எங்கள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒன்பதாம் நாள் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. மூவரும் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். குழந்தை மருத்துவர் நடுவயதுப் பெண். மேசைமேல் தாள்கள் குவிந்திருந்தன. வாசலில் இருபது பேர் காத்திருந்தார்கள்.

"பயப்படாதீங்க. குதிகால்ல எடுத்த ரத்தத்துல கொழுப்பும், கொழுப்பு உடைஞ்சு வர்ற துண்டுகளும் இருக்க வேண்டியதவிட ஜாஸ்தியா இருக்கு. நிறைமாசக் குழந்தைக்கு இவ்வளவு வரக் கூடாது. சில குழந்தைங்க உடம்புக்குக் கொழுப்ப எரிக்கத் தெரியாது. இது அதுவா இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன். பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பறோம். முடிவு வர ஒரு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும்?" என்றான் தகப்பன்.

"தாய்ப்பால நிறுத்தணும். அதுல கொழுப்பு அதிகம். கொழுப்பு எடுத்த மாவு ஒண்ணு தர்றோம். அதத்தான் குடுக்கணும், மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ." மருத்துவர் தாளைப் பார்த்தார். "தேதி சரிதானே? முப்பத்தெட்டு வாரம்?"

மனைவி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் சுவர் நாள்காட்டியைப் பார்த்தாள். கதவைத் தட்டி யாரோ தலையை நீட்டினார்கள்.

"சரிதாங்க" என்றான் தகப்பன்.

எதற்காகக் கேட்கிறேன் என்பதை மருத்துவர் சொல்லவில்லை. வயிற்றில் இருந்த வாரத்துக்கும் ரத்தத்தில் ஓடும் கொழுப்புக்கும் தொடர்பு உண்டு என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடம் அவரிடம் இல்லை. அவர்களுக்கோ அந்தக் கேள்வி மருத்துவத்தின் கேள்வியாகப் படவேயில்லை. பொரிப்பகத்திலிருந்து யாரோ விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றே மூவரும் நினைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்காள் முதலில் கேட்டது இதைத்தான்: "தெர்மாமீட்டர் ஃபோன் பண்ணிருப்பானோ?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் மாவின் வாடை. தகப்பன் இயந்திரத்தைப் பார்க்கிற கவனத்தோடு மாவை அளந்தான்; கரண்டியின் மேற்பரப்பைக் கத்தி முதுகால் வழித்துச் சமன் செய்வான்; தண்ணீரின் சூட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பான். குழந்தை குடித்ததில் பாதியைக் கக்கியது. வயிறு உப்பியது, ஏறிய நாற்பது கிராமும் இறங்கி, மேலும் எழுபது இறங்கியது.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பிழிந்து வெளியேற்றினால்தான் அது வற்றாமல் இருக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அவள் பிழிந்தாள். கிண்ணத்தில் பிழிந்ததை வாசல் ஓரத் தொட்டியில் கொட்டுவாள். கொட்டிவிட்டு உள்ளே வந்தால், பசியில் அழும் குழந்தைக்குப் புட்டி தயாராக இருக்கும். தொட்டியருகே ஒரு பூனை வரத் தொடங்கியது. அது நக்கிக் குடிப்பதை அவள் நின்று பார்ப்பாள். நான் மாடியிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன்.

"பூனைக்கு ஒண்ணும் ஆகலியே அண்ணி" என்றாள் ஒருநாள்.

"பூனையும் பச்சப்புள்ளையும் ஒண்ணாடி?"

"எம்பாலு பூனைக்கு ஆகுது, அவளுக்கு விஷமாம்."

"விஷம்னு யாரு சொன்னா? கொழுப்புன்னுதான் சொன்னாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணி, எனக்கு."

பால் நிறுத்திய எட்டாம் நாள் அவள் மார்பை இறுக்கித் துணியால் கட்டிக்கொண்டாள். பிழிய மறுத்துவிட்டாள். குழந்தை அழும்போதெல்லாம் கட்டியும் மீறிப் பால் கசிந்தது. இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. பிறகு கசிவதும் நின்றது. அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. புட்டியைக் கொடுக்கும் வேலையை முழுவதும் கணவனிடமும் நாத்தனாரிடமும் விட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பால் நிறுத்திய பத்தொன்பதாம் நாள் பொரிப்பகத்தில் ஒரு சம்பவம் நடந்தது. ஏழாம் பெட்டியில் அன்று குஞ்சு எடுக்கும் நாள் என்று கதவில் தொங்கிய அட்டை சொன்னது. கதவைத் திறந்தார்கள். பாதி முட்டைகள் ஓடு விரிந்ததோடு நின்றிருந்தன. வெளியே வந்திருந்த குஞ்சுகள் ஈரமாகத் துவண்டு கிடந்தன. தொப்புள் மூடாமல் மஞ்சள் கரு புடைத்துத் தெரிந்தது.

மேலாளர் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "தொப்புள்ல தொற்று. வியாதி. மொத்த ஈட்டையும் ஒதுக்குங்க."

கண்காணிப்பாளர் அட்டையைக் கையில் எடுத்தாள். பென்சிலில் எழுதியிருந்த தேதியைப் பார்த்தாள். அந்த ஈட்டை உள்ளே தள்ளிய காலை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. முட்டை வண்டி மழையில் சிக்கி ஒருநாள் தாமதமாக வந்திருந்தது.

"வியாதி இல்ல சார். தேதிதான் தப்பு."

"அட்டையில தெளிவாப் போட்டிருக்கேம்மா."

"போட்டவன் தப்பாப் போட்டுட்டான் சார். இதுங்களுக்கு இன்னிக்கு இருபதாம் நாளுதான். இன்னும் ஒரு நாள் உள்ள இருந்தா கரு முழுசா வயித்துக்குள்ள போயிடும், தொப்புள் தானா மூடிக்கும். நாள் பத்தலன்னா இப்படித்தான் இருக்கும். பாக்கறதுக்கு வியாதி மாதிரி இருக்கும். குஞ்சு மேல என்ன குத்தம்?"

மேலாளர் தலையைச் சொறிந்தார். "அப்போ மூடி வைங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கதவைத் தம்பி மூட வந்தான். அவள் அட்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அக்கா, கைய எடு. கதவு இடிக்குது."

அவள் எடுக்கவில்லை. "டேய்" என்றாள் மெதுவாக. "அந்தம்மா எதுக்குடா தேதியக் கேட்டாங்க?"

அவன் விழித்தான். அவனுடைய முகத்தில் அது ஏறுவதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல், ரப்பர்க் காலணியோடு அவள் மருத்துவமனைக்குப் போனாள். வரிசையில் நின்றவர்கள் கத்தக் கத்த உள்ளே நுழைந்தாள்.

"டாக்டரம்மா, தேதி பொய். முப்பத்தெட்டு இல்ல, முப்பத்தஞ்சு. ஒரு ஈடு கூட்டிச் சொன்னோம்."

"ஒரு என்ன?"

"இருபத்தொரு நாள்."

 மருத்துவர் மேசைமேல் குவிந்த தாள்களிலிருந்து ஒன்றை உருவினார். அதில் வரிசை வரிசையாக எண்கள். ஒரு வரிசையில் வைத்த விரலை அதற்கு மூன்று வரிசை மேலே நகர்த்தினார். பக்கத்தில் குழந்தையின் தாளை வைத்து ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட்டார். அக்காளுக்கு அந்த எண்கள் புரியவில்லை. அந்த விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயித்துல இருக்கற ஒவ்வொரு வாரத்துக்கும் ரத்தத்துல கொழுப்பு ஒரு மாதிரி இருக்கும்மா. முன்னாடியே பொறந்தா அதக் கையாள உடம்பு இன்னும் பழகியிருக்காது. கொஞ்ச நாள்ல தானாப் பழகிக்கும். முப்பத்தெட்டுக்கு இந்த எண் வியாதி. முப்பத்தஞ்சுக்கு…" விரலை எடுத்தார். "முப்பத்தஞ்சுக்கு இது சாதாரணம்."

"அப்போ வியாதி இல்லியா?"

"பெரிய ஆய்வுக்கூடத்து முடிவும் வரட்டும். ஆனா பால நிறுத்தியிருக்க வேண்டிய அவசியமே இல்ல. அந்தப் பாலுதான் இந்தக் குழந்தைக்கு வேணும். அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"எதுக்குக் கேக்கறீங்கன்னு நீங்களும் சொல்லலியே டாக்டரம்மா."

 மருத்துவர் பேனாவை எடுத்து முப்பத்தெட்டை ஒரே கோட்டில் அடித்து, மேலே முப்பத்தைந்து என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டார்.

அக்காள் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினாள். "ஃபேக்டரிக்குத் தெரிவிப்பீங்களா?"

"எந்த ஃபேக்டரி?" என்றார் மருத்துவர்.

இவ்வளவுதான். அவர்கள் பயந்து மறைத்த உண்மைக்கு வெளியே யாரும் காத்திருக்கவில்லை. மேலாளர் இன்றுவரை கேட்கவில்லை. பெரிய ஆய்வுக்கூடத்திலிருந்தும் பிறகு நல்ல முடிவே வந்தது. ஏழாம் பெட்டியை மறுநாள் திறந்தபோது குஞ்சுகள் தூவி உலர்ந்து, தொப்புள் மூடி, தட்டு நிறையக் கத்திக்கொண்டிருந்தனவாம். அதைச் சொன்னபோது தகப்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மருத்துவமனையிலிருந்து அன்று பகலில் அக்காள் வீட்டுக்கு வந்தபோது தம்பியும் வந்துவிட்டிருந்தான். மழை விட்டு வெயில் அடித்தது. சுவர்ப்பக்கம் படுத்திருந்தவளை அவள் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லடி. தேதியாலதான் எல்லாம். நீ பால் குடுக்கலாமாம்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.  கைகள் மார்புக் கட்டின் முடிச்சைத் தேடின. முடிச்சு இறுகியிருந்தது. கணவன் முன்னே வந்து அதை அவிழ்க்க முயன்றான். இயந்திரத்தின் நுண்ணிய திருகுகளைத் திருகிப் பழகிய அவன் விரல்கள் அதில் வழுக்கின. கடைசியில் அக்காள் பல்லால் கடித்து இழுத்தாள்.

குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அது மறந்திருக்கவில்லை. வாயைத் திறந்து பற்றிக்கொண்டது; ஒருபோதும் இல்லாத வேகத்தோடு, கன்னம் குழிய, ஐந்தாறு முறை இழுத்தது. நிறுத்தியது. மறுபடி இழுத்தது. பிறகு வாயை எடுத்துத் தாயின் முகத்தைப் பார்த்து வீறிட்டது.

மறுபக்கம் மாற்றினாள். அங்கும் அப்படியே.

தகப்பன் அடுப்பருகே போய்த் தண்ணீர் வைத்தான். கரண்டியின் மேற்பரப்பைக் கத்தி முதுகால் வழிக்கும் சத்தம் கேட்டது. வைத்துப் பார்க்கப் பார்க்க வரும் என்று நர்ஸ் பிறகு சொன்னாள்; அவளும் மாதக் கணக்கில் வைத்துப் பார்த்தாள்; சொட்டுக்கு மேல் வரவேயில்லை.

ஆனால் அன்று அவர்களுக்கு அது தெரியாது. அக்காள் ரப்பர்க் காலணியோடு தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வருதாடி?"

அவள் குழந்தையின் வாயோரத்தை விரலால் துடைத்தாள். விரலைப் பார்த்தாள், உலர்ந்திருந்தது.

"கொட்டினப்போ வந்துச்சு அண்ணி."